ஓட்டைவாயும் ஒழுகாத சீலும்

எங்கள் வீட்டில் ரகசியமாக ஏதாவது பேச வேண்டுமானால் முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓட்டைவாய் என்பது என் பட்டப்பெயர். சும்மா வந்த பெயரில்லை, உழைத்துச் சம்பாதித்தது. அம்மா இரவல் வளையல் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி அது பக்கத்து வீட்டு அக்காவுடையது என்று சொன்னவள் நான். பல்வலி என்று சூளைக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பா டூரிங் டாக்கீசுக்குப் போனதைப் பெரியப்பாவிடம் சொன்னவளும் நானே. போட்டுக் கொடுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. ஒரு சேதியை உள்ளே வைத்திருந்தால் தொண்டையில் மீன்முள் மாட்டியது போல இருக்கும். வெளியே வந்தால்தான் சோறு இறங்கும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம். மண்ணூரில் பெரியப்பா செங்கல் சூளை வைத்திருந்தார். அப்பாவும் அதே சூளையில்தான். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தைக்கு இருபத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வீட்டுக்குத்தான் பெரியப்பா ஒரு வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து சேர்த்தார். சென்னையில் யாரோ ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் முகூர்த்த நாள் தவறாமல் கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. கூடத்துக்கே எங்கள் வீட்டில் சாணித் தரைதான். காருக்கு மட்டும் வாசலில் கொட்டகை போட்டுச் சிமெண்டுத் தரை போட்டார்.

அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது. கியரை வண்டியே தானாக மாற்றிக்கொள்ளும். பெரியப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "இடது காலுக்கு வேலையே இல்ல தெரியுமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்வதோடு நிற்காமல், இடது காலைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஓட்டிப் போவார்.

வந்த நாலாம் நாள் காலையில் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஏழெட்டுச் சொட்டு. தானாகக் கியர் மாற்றும் வண்டிக்குள் ஓடுகிற எண்ணெய் சிவப்பாக இருக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கோலம் போட வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கோலப்பொடியைக் கீழே போட்டாள். கார் ரத்தம் கக்குகிறது, பலி கேட்கிறது என்று முடிவாயிற்று. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்ததாக வெள்ளைக் கோழி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா படப்பையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். கோழி பிழைத்தது.

மெக்கானிக் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். குவைத்தில் கார் ஷெட்டில் இருந்தவர், அங்கே சண்டை வந்ததால் ஒரே ஒரு பெட்டியோடு ஊர் திரும்பி, படப்பையில் யாரோ தெரிந்தவர் தயவில் ஷெட் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுகிற தமிழ் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் சொட்டை விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "ரத்தமுமில்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கியர் பெட்டி எண்ணெய். சீல் போயிட்டு" என்றார்.

பெரியப்பா திடுக்கிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த சீல் ஒன்றே ஒன்றுதான். முன்பு ஒருமுறை ஏதோ லைசென்ஸ் தகராறில் அதிகாரிகள் வந்து சூளைக்கு வைத்துவிட்டுப் போனது.

"எவன் வச்ச சீலு? யாரு கயட்டிகினு போனது?" என்று கொட்டகை அதிரக் கேட்டார்.

மெக்கானிக் காருக்கு அடியில் போய், பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றி, கியர் பெட்டியின் வாலிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தைப் பெயர்த்து எடுத்து வந்து காட்டினார். தண்டு சுற்றும்போது எண்ணெய் வெளியே வராமல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது அந்த வளையத்தின் வேலை. சூட்டில் வெந்து வெந்து அது பழைய முறுக்கு மாதிரி ஆகியிருந்தது. வளைத்தார், படக்கென்று ஒடிந்தது.

"சீலுக்கு உதடு உண்டு அண்ணாச்சி. இந்தா, இந்த விளிம்பு. உதடு எப்பவும் எண்ணெய்ப் பக்கம் பாத்து இருக்கணும். திருப்பி மாட்டினா அம்புட்டும் வெளிய வந்துரும்."

இதைச் சொல்லும்போது பெரியப்பா எதிரில்தான் நின்றார். ஆனால் மெக்கானிக் ஏனோ சமையல்கட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை மோர் கொண்டுவந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க அத்தையிடம் மூன்று முறை சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து இரண்டு சீல் வாங்கி வந்தார். உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் எல்லாம் ஒரே அளவு. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. எதற்கு இரண்டு என்று பெரியப்பா கேட்கவில்லை. அத்தைதான் கேட்டாள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, காற்றைப் பார்த்துக் கேட்பது போல. கறுப்பு விலை குறைவு, சூடு தாங்காது, கொஞ்ச நாளில் விறைத்துவிடும். பழுப்பு எவ்வளவு சூட்டிலும் மெத்தென்று இருக்கும். மெக்கானிக்கும் பதிலைக் கதவிடமே சொன்னார். பிறகு பழுப்பு சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்து நோகாமல் தட்டி மாட்டினார்.

அது ஒழுகியது. பழைய சீல் உரசி உரசித் தண்டில் ஒரு வரிப்பள்ளம் விழுந்திருந்ததாம். புதுச் சீலின் உதடும் சரியாக அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடி அலைந்து அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து, நூலளவு முன்னால் தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி மாட்டினார். வண்டியை ஓரகடம் வரைக்கும் ஓட்டிப் பார்த்து வந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் ஒரு சொட்டு இல்லை.

பெரியப்பாவுக்கு முதல் தடவை ஒழுகிய கோபம் தீரவில்லை. "இன்னொரு தபா ஒழுவிச்சுன்னா படப்பைல நீ ஷெட்டு வச்சிகினு இருக்க முடியாது. வேலை தெரியாதவன்னு ஊரெல்லாம் நானே சொல்லிடுவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். மெக்கானிக் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இனி அவருக்கு எங்கள் வீட்டில் வேலையில்லை.

அன்று சாயங்காலமே, வரும் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பெரியப்பா அறிவித்தார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நிற்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி சோற்றில் உமி கிடந்தது.

அதற்கு மறுநாள் விடியும்போது அத்தை என்னைத் தட்டி எழுப்பினாள். பக்கத்தில் என் அண்ணன் படுத்திருந்தான். கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத பையன். அவனைத் தாண்டி வந்து என்னை எழுப்பி, டார்ச் லைட்டைக் கையில் கொடுத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அவள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருந்தாள். குனிந்து காருக்கு அடியில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள்.

"இன்னா அத்த இது?"

"வேண்டுதல்டி. வல்லக்கோட்டை முருகனுக்கு. பதினோரு சொட்டு."

"காருக்கு அடியிலயா?"

"அங்க வுட்டாதான் பலிக்கும்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று வேண்டிக்கொள்கிறார்கள். சொட்டு எண்ணி முடிந்ததும் அத்தை என் தோளைப் பிடித்தாள்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது. முக்கியமா அந்த மெக்கானிக்கு கிட்ட சொல்லவே கூடாது. யாருகிட்ட?"

"மெக்கானிக்கு கிட்ட."

"மறந்துடாத" என்று சொல்லி உள்ளங்கையில் நாலு தேன்மிட்டாயை வைத்து அழுத்தினாள்.

காலையில் சொட்டைப் பார்த்த பெரியப்பா போட்ட சத்தத்தில் சூளை ஆட்கள் ஓடி வந்தார்கள். பெரியம்மா மறுபடி எலுமிச்சம்பழத்துக்குப் போனாள். வாசலில் அந்தச் சிவப்பு கண்ணில் படவே கூடாது என்று பெரியப்பாவே சாம்பலைக் கொட்டிப் பெருக்கித் தள்ளினார். அப்பா சைக்கிளில் போய் மெக்கானிக்கைக் கூட்டி வரும்போது மணி எட்டு.

மெக்கானிக் அடியில் போய்ப் பார்த்தார். துணியால் துடைத்துப் பார்த்தார். வெளியே வந்து, "சீல்ல ஒரு பொட்டு ஈரம் இல்ல அண்ணாச்சி. எப்படி ஒழுகிச்சின்னு தெரியல" என்றார். பெரியப்பா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சூளை ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கூலி வேண்டாம். பெட்டியை மொத்தமா இறக்கிப் பாத்துடுதேன். அதுலயும் புரியலைன்னா ஷெட்டை மூடிட்டு ஊருக்கே போயிருதேன்" என்றார்.

நான் தேன்மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ரகசியத்தை அவ்வளவு நேரம் நான் வைத்திருந்ததில்லை. சமையல்கட்டு ஜன்னலில் அத்தை வந்து வந்து எட்டிப் பார்த்தாள். என்னைத்தான் காவல் காக்கிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் நாலு மிட்டாயும் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு மெக்கானிக் ஸ்பேனர் கேட்டார். எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் ஊர்ந்து போனேன். அவர் மல்லாந்து படுத்துக் கியர் பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது. என்னால் முடியவில்லை.

"அது ஆயில் இல்ல. குங்குமம். அத்ததான் நல்லெண்ணெயில கலந்து ஊத்திச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்கீது."

அவர் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"எங்கிட்டயா? எங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னா சொன்னாக?"

"முக்கியமா உங்ககிட்டதான்."

அவர் சடாரென்று எழுந்து உட்காரப் பார்த்தார். காருக்கு அடியில் படுத்திருக்கிறோம் என்பதே மறந்துபோய், நெற்றியில் நங்கென்று இடித்துக்கொண்டார். வலியில் முனகுவார் என்று பார்த்தால் சிரித்தார். வெளியே வந்து பெரியப்பாவிடம், "பெரிய வேலை அண்ணாச்சி. ஒரு வாரம் ஆகும். தினமும் வரணும்" என்றார். நெற்றியில் புடைப்போடு சீட்டியடித்துக்கொண்டே, நன்றாக இருந்த கியர் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்கினார். குங்குமத்துக்கும் கியர் ஆயிலுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்த பிறகும் விளங்காத மனுஷனுக்கா இரக்கப்பட்டோம் என்று எனக்கு வெறுத்துப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்காரர்கள் வந்தபோது கார் கல்லின் மேல் நின்றது. அப்படியும் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெண்ணை விடக் காரைத்தான் பிடித்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும், சீர்வரிசையாக வேறொன்றும் வேண்டாம், இந்தக் கார் போதும் என்றார்.

பெரியப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "பொண்ணு கேக்க வந்தீங்களா, வண்டி கேக்க வந்தீங்களா?" என்றார். "என் தங்கச்சிய கேளுங்க, தரேன். காரை மட்டும் கேக்காதீங்க." அவர்கள் வெற்றிலை கூடப் போடாமல் எழுந்து போனார்கள். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அழவில்லை, தலை வாருகிறாள் என்றாள்.

அடுத்த வாரம் கோவில்பட்டியிலிருந்து மெக்கானிக்கின் அம்மாவும் தாய்மாமனும் கருப்பட்டி, சேவோடு அத்தையைப் பெண் கேட்டு வந்து இறங்கினார்கள். ஊர் பேர் தெரியாத ஆட்கள் என்று பெரியப்பா மூன்று நாள் முறைப்பாக இருந்தார். நாலாம் நாள் அப்பா, "எப்பிடியும் இந்த வண்டிக்கு வூட்டோட ஒரு ஆளு வேணும்ல" என்றார். பெரியப்பா யோசித்தார். ஆவணியில் வல்லக்கோட்டையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். பெரியப்பாவே ஓட்டினார், இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு. வழி நெடுக ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆனால் என் நெஞ்சுக்குள் ஒன்று இருந்தது. மிட்டாயை வாங்கித் தின்றுவிட்டு, அத்தையின் வேண்டுதலைக் கெடுத்துவிட்டேன். காஞ்சிபுரத்துச் சம்பந்தம் முறிந்ததே அதனால்தான் என்று வெகுகாலம் நம்பினேன். ஊரில் எல்லாவற்றையும் சொன்ன நான் இதை மட்டும் அத்தையிடம் சொல்லவே இல்லை. போன வருஷம் படப்பையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஷெட்டில் மாமா யாரிடமோ சீலின் உதட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்ததை அன்றைக்கு இறக்கி வைத்தேன். அன்னிக்கே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன் அத்த, என்னை மன்னிச்சிடு என்றேன்.

அத்தை காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"நீ அவருகிட்ட சொல்லிடுவேன்னுதானடி உன்ன எழுப்பினேன். நீ இன்னாடான்னா எட்டு மணிலேர்ந்து பத்து மணி வரிக்கும் வாயத் தொறக்காம கம்பத்தக் கட்டிகினு நிக்கிற. அந்த ரெண்டு மணி நேரத்துல நான் எத்தினி தபா ஜன்னலுக்கு ஓடியாந்தேன் தெரியுமா?"