பத்துப் பேரில் ஒருத்தி

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைக்கிற வேலை மிச்சம். அவள் என் கணவருடைய தம்பி மனைவி. ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு குழாய். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண் குழந்தை. இரண்டும் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

நான் பி.ஏ. படித்தவள். அவள் பத்தாவதோடு நின்றவள். கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க அவளுக்கு நேரமும் கிடையாது, தூக்கமும் கிடையாது. நானோ உத்திரமேரூரில் கிடைத்த சார்ட்டையெல்லாம் வாங்கிச் சுவரில் ஒட்டி, சாயங்காலம் ஆறு மணி ஆனால் என் மகளை உட்கார வைத்துவிடுவேன். அப்போது அவள் மகளும் வந்து கதவோரம் உட்காருவாள். என் மகளை நான் ஒரு கேள்வி கேட்டால், பதில் கதவோரத்திலிருந்து வரும். அவளை நான் வா என்று கூப்பிட்டதில்லை. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. தொண்டை வறளக் கத்துவது நான், பலன் பக்கத்து வீட்டுக்கு என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் அந்த அடைவுத் தேர்வு வந்தது. நாடு முழுவதும் சில பள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, குழந்தைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கிற தேர்வு. எங்கள் பள்ளியும் அதில் மாட்டியது. மூன்றாம் வகுப்பில் எல்லோரும் எழுத வேண்டியதில்லை, பத்துப் பேர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டின் எண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பத்துப் பெயரை எடுத்து, ஹெச்.எம். சார் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

சீட்டுக் குலுக்கிய விஷயம் ஊருக்குள் வரவில்லை. பட்டியல் மட்டும்தான் வந்தது. பத்துப் பேரும் பள்ளியிலேயே கெட்டிக்காரர்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஒரு பெண்ணின் அம்மா பள்ளிக்கூடம் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். இன்னொரு வீட்டில் பையனுக்குப் புதுச் சட்டை எடுத்தார்கள். பட்டியலில் ஓரகத்தியின் மகள் பெயர் நான்காவதாக இருந்தது. என் மகள் பெயர் கோட்டுக்குக் கீழே, ‘யாராவது வராவிட்டால்’ என்ற இடத்தில் முதலாவதாக இருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலம் குழாயடியில் ஓரகத்தி குடத்தைக் கழுவிக்கொண்டே, "இன்னாக்கா, எங்கூட்டுது பேரு போர்டுல கீதாமே? எதுக்குன்னே எனக்குத் தெரியல" என்றாள். பெருமை அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எதற்கென்றே தெரியாமல் அவளுக்குக் கிடைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஹெச்.எம். சாரைப் பிடித்தேன். "என் பொண்ணுக்கு இன்னா சார் கொறச்சல்?" என்று கேட்டேன். அவர் பொறுமையான மனிதர்.

"இதுல கெட்டிக்காரி, மக்குன்னு ஒண்ணும் இல்லம்மா. சீட்டுல எந்த நம்பர் வந்துச்சோ அவங்க எழுதுறாங்க. மார்க்கும் தனித்தனியா வராது. மாவட்டத்துக்கே சேர்த்துதான் சொல்லுவாங்க. உங்க பொண்ணு எழுதினா எவ்ளோ எடுத்தான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. பி.ஏ. படித்தவளுக்கு இது புரியாதா? ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லையே. அடுத்த ஒரு வாரம் அந்தப் பத்துப் பேரையும் மதியத்தில் தனியாக உட்கார வைத்து மாதிரி வினாத்தாள் கொடுத்தார்கள். ஆளுக்கொரு புதுப் பென்சில். மற்ற பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டார்கள். என் மகள் தினமும் முழங்கால் வரை மண்ணோடு வந்து சந்தோஷமாகச் சோறு கேட்டாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான் பட்டேன்.

தேர்வு நாள் காலை. ஓரகத்திக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தாள். மகளுக்குத் தலை வாரி, சீருடை போட்டு, பையை மாட்டி வாசலில் நிறுத்தியிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை இரண்டு முறை தும்மியது.

"அக்கா, இவளுக்கு ஒடம்பு சுடுதா பாரேன். எனக்கு அடுப்பாண்ட நின்னு கை காஞ்சிக்கினு கீது, ஒண்ணியும் தெரியல" என்று கூப்பிட்டாள்.

போய் நெற்றியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் முகம் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. குழந்தை தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"லேசா சுடுது. ஊரெல்லாம் டெங்குன்றாங்க. வூட்லயே வெச்சிக்கோ" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, வாயில் தானாக வந்ததா என்று இன்றுவரை எனக்கே குழப்பம். யோசித்துத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். ‘டெங்கு’ என்ற வார்த்தை தானாக வராது.

ஓரகத்தியின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஜொரம் இல்லம்மா, நான் போறேம்மா" என்று அழுத குழந்தையின் தோளிலிருந்து பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். கொழுந்தனாரை எழுப்பி, மூன்று பேருமாக வண்டியில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அந்தப் புழுதி அடங்குவதற்குள் நான் என் மகளுக்கு நல்ல ரிப்பனாகத் தேடிக் கட்டினேன்.

பள்ளியில் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. ஒரு பெயருக்கு ஆள் வரவில்லை, கோட்டுக்குக் கீழே இருந்து என் மகளைக் கூப்பிட்டார்கள். தேர்வு நடத்த வந்த பி.எட். படிக்கும் பெண் அவள் கையில் வினாத்தாளைக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். மதியத்துக்குள் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள். என் அம்மா வீட்டிலிருந்து வாழ்த்துகூட வந்தது. மனசு குளிர்ந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப நான்கு மணி ஆகிவிட்டது. ஷிப்ட் போயே போய்விட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். குழந்தையின் இடது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வந்ததும் வராததுமாக என் மகளிடம் ஓடியது.

"இன்னா கேட்டாங்க? எல்லாத்தையும் சொல்லு."

இரண்டும் நிறுத்தியிருந்த வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்தன. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஞாபகம் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஒரு கடிகாரம் போட்டிருந்துச்சு. பெரிய முள்ளு ஆறுல. சின்ன முள்ளு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல..."

"மூணரை."

"நான் ஆறே காலுன்னு போட்டேன்" என்றாள் என் மகள், கவலையே இல்லாமல்.

அடுத்தது கழித்தல் கணக்கு. அதற்கும் பதில் உடனே வந்தது. அடுத்தது ஒரு பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. என் மகள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பதிலைச் சொல்லிவிட்டாள். மடக்க முடியாத அந்தக் கையை நீட்டி வைத்துக்கொண்டு, தன்னை உட்கார விடாத தேர்வை அவள் எழுதி முடித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இவளுக்கு எல்லாமே தெரியுது!" என்று என் மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடிகாரம் பார்க்க மூன்று நாள் மல்லுக்கட்டிச் சொல்லிக் கொடுத்தது நான் அல்லவா, அதை இவள் எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் முதலில் எரிந்தது. வெட்கம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது.

ஓரகத்தி இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "நல்ல நேரத்துல நீ சொன்னக்கா. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நீ இல்லன்னா இத்த யாரு பாத்துக்கப் போறாங்க" என்றாள்.

குழந்தை வண்டியிலிருந்து இறங்கி வந்தது. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

"அடுத்த வாட்டி பரீட்ச வந்தா, நீ என்னத் தொட்டுப் பாக்காத பெரிம்மா" என்றது.

ஓரகத்தி பட்டென்று அதன் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னா பேச்சு இது? பெரிம்மா ஒனக்கு நல்லதுதான சொன்னாங்க? சாரி சொல்லு, சொல்லு."

குழந்தை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னையே பார்த்தது. உண்மையை நானாகச் சொல்வேன் என்று காத்திருந்ததோ என்னவோ.

"சாரி பெரிம்மா" என்றது.

கையில் டீ இருந்தது. ஓரகத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல" என்றேன்.