மீராசா காக்கா கட்டும் ஜப்பான் ஊர்

குதிகாலால் மணலில் ஒரு கோடு இழுத்தால் அது ஆறு. இரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்தால் பனி மூடிய மலை. ரயில் நிலையத்துக்குத் தீப்பெட்டி. கல்முனைக்குடிக் கடற்கரையில், கரைவலை கரையேறும்வரை, மீராசா காக்கா தினமும் ஜப்பானில் ஓர் ஊரைக் கட்டுவார். கடலை மட்டும் கட்டமாட்டார். "கடல்தான் இந்தா இரிக்கே" என்று எதிரே கையை நீட்டிவிடுவார்.

ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன்; இப்போது சாப்பாட்டுக் கடையொன்றில் ரொட்டி போடுகிறார். எழுபதுகளில் கப்பலில் சமையல் உதவியாளாகப் போனவர். இயந்திரம் பழுதாகி, ஒரு குளிர்காலம் முழுக்க அந்தச் சின்ன ஊரில் கப்பல் கட்டிக்கிடந்ததாம். கல்முனையைவிடப் பெரிது, கொழும்பு அளவு இல்லை. நடுவே அகழி சூழ்ந்த பழைய கோட்டை. உள்ளே ராசா கிடையாது, மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். அந்திக்கு ஆண்களெல்லாம் பொதுக் குளிப்பறையில் ஒன்றாக வெந்நீரில் ஊறுவார்கள். உடுப்பில்லாமலா என்று வலைகாரர்கள் தினமும் கேட்பார்கள். அவரும் தினமும் வெட்கப்படுவார்.

ஆனால் நேற்று கோட்டைக்கு வலப்பக்கம் ஓடிய ஆறு இன்று இடப்பக்கம் ஓடும். ரயில் நிலையம் துறைமுகத்துக்கே வந்துவிடும். சில நாள் மலைகூட இடம் பெயரும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கதைக்கிற மனிதர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள், வலைகாரர் போனபிறகு என்னிடம் சொன்னார். கப்பலில் கூடப் போன சீனிமுகம்மது அந்த ஊரில்தான் காய்ச்சலில் மௌத்தானார். கப்பலில் வேறு முஸ்லிம் இல்லை. அங்கே மையித்தை எரிப்பதுதான் வழக்கம். கப்டன் யார் யாரையோ கெஞ்சி மலையடியில் ஒரு துண்டு நிலம் எடுத்துக் கொடுத்தார். குளிப்பாட்டியது, தொழுதது, குழிக்குள் இறங்கி முகத்தைக் கிப்லாவுக்கு, மக்கா இருக்கும் திசைக்கு, திருப்பியது எல்லாம் மீராசா தனியாளாக. பனி கொட்டிக்கொண்டிருந்தது, சூரியனைக் கண்டு பல நாள். திசையைக் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா. அப்படியே கடலுக்கு முதுகும் மலைக்கு முகமுமாகக் கூட்டாளியைக் கிடத்தினார்.

கப்பல் புறப்பட்ட அன்று வானம் வெளித்தது.

"இஞ்ச கடல்லதான் சூரியன் உதிக்கும். அங்க கடலுக்குள்ள விழுகுது தம்பி. அப்ப நான் அந்த மனிசன எந்தப் பக்கம் பாக்க வச்சிட்டு வந்திரிக்கன்?"

தெரியாமல் செய்ததில் குற்றமில்லை என்று மௌலவி சொன்னாராம். எனக்குக் குற்றமில்லை, அங்கே கிடக்கிறவனுக்கு என்ன பதில் என்று மீராசா காக்கா கேட்டார். அன்று சூரியன் விழுந்தது கடலிலா, வளைந்து போன ஆற்றுவாயிலா என்பதும் இப்போது அவருக்கு நிச்சயமில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சீனிமுகம்மதின் முகம் சரியாக அமைகிற ஓர் ஊரைத்தான் இத்தனை நாளும் மணலில் தேடியிருக்கிறார். பாவம், அதைப் புளுகு என்று சிரித்திருக்கிறோம்.

போன கிழமை ஆமினா உம்மா வந்தார். சீனிமுகம்மதின் மனைவி, வீடு கடற்கரையோரம். எல்லாருக்கும் காட்டுகிற ஊரைத் தனக்கு மட்டும் ஏன் காட்டுவதில்லை என்று கேட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் குந்தினார். அன்று சிரட்டை மலை ஊர்ப்பக்கம் இருந்தது.

"எங்கட மனிசன்ட கபுறு எங்க காக்கா?"

மீராசா ஒரு சிப்பியை எடுத்து மலையடியில் குத்தி நிறுத்தினார். குழிந்த பக்கம் முகம் என்றார். அதை மலைக்குத் திருப்பினார், கடலுக்குத் திருப்பினார், மறுபடி மலைக்கு. கடைசியில் கடலைப் பார்க்க விட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

ஆமினா உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன காக்கா, கடலப் பாத்து வச்சிரிக்கீங்க? கிப்லா இஞ்சாலதானே." குனிந்து சிப்பியை மலைப்பக்கம் திருப்பினார். "இப்பிடித்தானே வச்சீங்க?"

"ஓம் தங்கச்சி. இப்பிடித்தான் வச்சன்."

ஆமினா உம்மா நிம்மதியாக எழுந்து வீட்டுக்கு நடந்தார். மீராசா காக்கா சிப்பியைத் தொடவில்லை. கபுறுக்கு மண் போடுவதுபோல மூன்று பிடி மணல் அள்ளி, ஒவ்வொரு பிடியாக, அதன்மேல் போட்டார்.