ஆர்டித் கிளைக் வரைந்த எட்டு

ட்ரூரோ நகரின் பனிச்சறுக்கு ஸ்கேட்டிங் கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆர்டித் கிளைக். அந்தக் காலத்துத் தேர்வில் குதிப்பதும் சுழல்வதும் பிறகுதான். முதலில் பனித்தளத்தில் ஒற்றைக் காலில் சறுக்கி, எட்டு என்ற எண்ணை வரைய வேண்டும். வரைந்தவர்கள் வெளியேறிய பிறகு, நடுவர் மண்டியிட்டு, காலணியின் அடியிலுள்ள கத்தி பனியில் கீறிய தடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்.

பதினான்கு வயதில் ஆர்டித் பிசிறில்லாத எட்டு வரைந்தாள். நடுவர் அதைப் பக்கத்தில் வரைந்த பெண்ணுடையது என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண் தேறினாள், ஆர்டித் தோற்றாள். "அது என்னோடது" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பின்னாளில் மாகாணப் பட்டம் வென்றபோதும் அந்த மௌனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, பயிற்சியாளராகத் தன் மாணவி லோர்னாவைத் தேர்வுக்கு அழைத்து வந்தாள். லோர்னாவும் இன்னொரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் எட்டு வரைந்து முடித்தார்கள்.

"வரைஞ்சாச்சுல்ல, ரெண்டு பேரும் வெளிய போங்கம்மா," என்றார் புதிய நடுவர்.

"லோர்னா, நீ உன் எட்டுகிட்டயே நில்லு," என்றாள் ஆர்டித்.

"இது வழக்கமில்லையே மிஸ் கிளைக். பிள்ளை விறைச்சுப் போயிடப் போகுது."

"இந்த ஊர்ப் பிள்ளைதான் சார், தாங்குவா. எது இவளோடதுன்னு உங்களுக்குத் தெரியணும்."

"மோசமா இருந்தா?"

"மோசம்னே எழுதுங்க. ஆனா இவ பேருக்கு நேரா எழுதுங்க."

நடுவர் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். லோர்னா தோற்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, ஆர்டித் குனிந்து பார்த்தாள். ஒரு விளிம்பு மட்டுமே பதிய வேண்டிய வளைவு ஒன்றில் கத்தியின் இரு விளிம்புகளும் பதிந்திருந்தன.

"சரியாத்தான் போட்டிருக்காரு," என்றாள் ஆர்டித். "வா, இந்த வளைவ மறுபடி வரைவோம்."