அரைப்பேருக்கு அரைக்கம்பி

அப்பா வீட்டுக்கு வந்துதான் ராத்திரிச் சோறு சாப்பிடுவார். அன்றைக்கு அம்மா சாயங்காலமே தூக்குவாளியைக் கையில் கொடுத்து, கம்பளியையும் என் தலையில் ஏற்றினாள். கம்பளி எதற்கு என்றேன். "கேக்காம தூக்குடி" என்றாள்.

அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட்டில் கரண்டுக் கம்பி வேலை. காலைச் சங்குக்கே கம்பத்தடியில் நிற்க வேண்டும். பேக்டரியில் இலை அரைத்து முடித்த பிறகுதான் கரண்டை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் ஏறலாம். சில நாள் உச்சிப்பொழுது தாண்டிவிடும். ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்போம். நின்ற நேரம் கணக்கில் இல்லை. ஏறிய நேரத்துக்கு அரைப்பேர். சாயங்காலச் சங்கு ஊதினாலும் வேலை முடியாமல் இறங்கக் கூடாது.

நான் போனபோது அப்பாவும் இன்னும் மூன்று பேரும் மேலே இருந்தார்கள். உளுத்த கம்பத்துக் கம்பியைப் புதுக் கம்பத்துக்கு மாற்றுகிற வேலை. சங்கு ஊதியது. நாலு பேரும் இறங்கிவிட்டார்கள். கம்பி பாதியில் தொங்கியது. அப்பா கம்பளியை விரித்து உட்கார்ந்து வாளியைத் திறந்தார்.

கங்காணி ஓடி வந்தார். "என்னய்யா, மாமியா வீட்டு விருந்தா? இன்னைக்குப் பறிச்ச கொழுந்து குவிஞ்சு கெடக்கு. கரண்டு இல்லாட்டி விடியிறதுக்குள்ள அம்புட்டும் வீணு."

"அரைப்பேருக்கு அரைக்கம்பிதான் கங்காணி."

"சும்மா நின்னதுக்கெல்லாமா பேர் போடுவாக?"

"நிக்கச் சொன்னது நீங்கதான?"

"எஸ்டேட்டு லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னாத் தெரியும்."

அப்பா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "நின்னுக்கிட்டே இருந்தா உங்களுக்கும் அரைப்பேருதான். உக்காருங்க கங்காணி" என்றார்.

கங்காணி பேக்டரிக்குப் போய் மூச்சு வாங்கத் திரும்பினார். "முழுப்பேரு. தொரையே சொல்லிட்டாரு. ஏறுங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

"நிக்கிற நாளெல்லாந்தான். ஏறித் தொலைங்கய்யா."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஏறினார்.

நான் லயத்துக்கு ஓடினேன். சட்டி, பானை, துணி எல்லாம் மூட்டையாக வாசலில் இருந்தன. அடுப்பில் தீ இல்லை. போடி மலை இறங்கி ஊருக்குப் போகிறோம், திருவிழா பார்க்கலாம் என்று குதித்தேன். குதித்துக்கொண்டே, அப்பாவுக்கு முழுப்பேராம் என்றேன். அம்மா மூட்டையை அவிழ்த்துப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

ஊருக்குப் போகலையா என்று தரையில் புரண்டேன். அப்படி அழுதால் முதுகில் ஒன்று வைக்கிறவள், அன்றைக்கு வைக்கவில்லை. ஏனென்று தெரியாமல் இன்னும் உரக்க அழுதேன்.