தீடையில் அம்மா ஓடிய நாள்

சித்தப்பாவின் வள்ளத்தில் குடும்பமாகக் கடல் பார்க்கப் போவதென்று முடிவானதும் எனக்கு யோசனைகள் தொடங்கிவிட்டன. வள்ளம் கவிழ்ந்தால்? பாய் கிழிந்தால்? தம்பி விழுந்தால் யார் குதிப்பது? அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"முதல்ல நீ சாப்பிட்டு முடி" என்றார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுப் போனது. இந்த யோசனைகள் மட்டும் இன்றுவரை விடவில்லை.

பேசாலையில் நேவியிடம் ஆறு பேரின் பெயரையும் பதிந்துவிட்டு விடியக்காலையில் புறப்பட்டோம். கொஞ்சத் தூரத்தில் சித்தப்பா எஞ்சினை நிறுத்திப் பாயை விரித்தார். கரை வளைந்து வளைந்து கூடவே வந்தது. வெள்ளை மணல், பனைகள், ஒரு சின்னக் கோயிலின் சிலுவை. தம்பியும் தங்கச்சியும் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். நான் பாய்க்கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தா. அவவுக்கும் என்னைப்போலப் பயம் என்பதில் எனக்கோர் ஆறுதல்.

தலைமன்னாரைத் தாண்டி, நடுக்கடலில் திட்டாக மேடிட்டுக் கிடந்த ஒரு மணல்தீடையில் இறங்கினோம். மரமில்லை, நிழலில்லை. அம்மா மாட்டேனென்று இருந்து, நாங்கள் மூவரும் குதித்த பிறகே இறங்கினா. சோற்றுப் பார்சலைப் பிரிக்குமுன் சித்தப்பா வள்ளத்தைத் தள்ளி ஏறிக்கொண்டார்.

"மச்சாள், இதுதான் இந்தியா! இருங்கோ, விடிய வந்து ஏத்திறன்!"

எங்கள் கரையில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற பழைய பகிடி அது. அப்பாவும் சிரித்தார்.

அம்மா கடலுக்குள் ஓடினா. கழுத்தளவு தண்ணீரில் வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினா. "அண்ணை, விட்டிட்டுப் போகாதையுங்கோ! அண்ணை!"

சித்தப்பா அம்மாவைவிட இளையவர். அவரை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவா. அம்மா தாழப்போகிறா என்று நானும் குழறத் தொடங்கினேன்.

"ஐயோ, பகிடிக்கெல்லோ சொன்னனான்" என்று சித்தப்பா அவவைத் தூக்கி ஏற்றினார். பிறகு ஒருவரும் சாப்பிடவில்லை.

பல வருடம் கழித்துப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். சண்டைக்காலத்தில் இந்தியாவுக்கென்று ஏற்றிய வள்ளக்காரர், அம்மாவின் வீட்டாரை இப்படியொரு தீடையில் இறக்கிவிட்டு அதே வார்த்தையைச் சொல்லிப் போனாராம். இரண்டு நாள் குடிக்கத் தண்ணீரில்லை. அம்மாவின் கடைசித் தம்பிக்கு மூன்று வயது. உயிர் போன அவனை அந்த மணலிலேயே தாட்டுவிட்டு வந்தார்களாம். அப்பாவுக்குக்கூட அம்மா இதைச் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அம்மா எங்கள் மூவரையும் மடியோடு அணைத்துக்கொண்டு, தீடை மறையும்வரை அதையே பார்த்தபடி வந்தா. ஓடின ஓட்டத்தில் அவவின் செருப்பொன்று போயிருந்தது. அதைத்தான் தேடுகிறா என்று நினைத்தேன்.

"கிடக்கட்டும் அம்மா," என்றேன், "வேறை வாங்கலாம்."