மேற்கே பார்த்து இறங்கினவள்

"இந்த ஊர்ல ஒண்ணுமே காய மாட்டேங்கு!"

வியட்நாமில் இருந்த காலமெல்லாம் உமாதேவி இதைச் சொல்லாத நாள் கிடையாது. துணி காயவில்லை, வற்றல் காயவில்லை, தலைமுடி காயவில்லை. பால்கனியில் போட்ட ஜீன்ஸ் ரெண்டு நாளானாலும் நாறும். கோவில்பட்டியில் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே போய் உலை வைத்துத் திரும்புவதற்குள் மொடமொடவென்று விறைத்து நிற்கிற துணியைப் பார்த்தவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

புருஷன் சக்திகுமார் கோவில்பட்டி நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். அந்த வேலை தெரிந்தவர்களை வியட்நாமில் நூல் மில்களுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போனான். பிறகு உமாதேவியையும் எட்டு வயது மகள் காவியாவையும் அழைத்துக்கொண்டான்.

அங்கே புத்தாண்டுக்கு மில்லை மொத்தமாக மூடிவிடுவார்கள். கூட வேலை பார்க்கிற பையன்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கடற்கரையோரமாகக் கொஞ்சம் நடை, கொஞ்சம் பஸ் என்று ஊர் ஊராகப் போய் வந்த கதையைக் கேட்டு சக்திகுமாருக்கும் ஆசை வந்துவிட்டது.

"முதுகுல மூட்டையத் தூக்கிட்டு நடக்கதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? எங்கய்யா ஆயுசு பூரா அதத்தான் செய்தாரு. அவரு கூட மேய ஆடாச்சும் இருந்துச்சு" என்றாள் உமாதேவி.

சொன்னாளே தவிர, பை கட்டினது அவள்தான். குட்டி ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் டப்பா, ஆளுக்கு ரெண்டு ஜோடி துணி. அதற்கு மேல் எடுத்தால் ஈரத்தைத்தான் சுமக்க வேண்டும் என்றாள்.

வுங் தாவ் என்கிற ஊரில் ஆரம்பித்து வடக்கே போனார்கள். தென்னை, சவுக்கு, மீன் நாற்றம், மணல். காவியா துள்ளிக்கொண்டு போனாள். சக்திகுமாருக்குக் காலில் கொப்புளம். உமாதேவிதான் முன்னால் நடந்தாள். கழுகுமலைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குப் பின்னால் அலைந்த கால்கள் அவை.

ஒரு நாள் மதியத்துக்கு முன்னால் குறுக்கே ஓர் ஓடை வந்தது. மேற்கேயிருந்து வந்து கடலில் சேருகிற அகலமான ஓடை. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் மணல் மேடு, இரண்டு பக்கமும் வெடித்தும் வெடிக்காமலும் கறுப்புக் களிமண்.

உமாதேவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி காவியா, பாத்தியா! இந்த ஊர்லயும் ஒண்ணு காஞ்சு கெடக்கு."

"மேல ரோட்டுப் பாலம் இருக்கு. சுத்திப் போயிருவோம்" என்றான் சக்திகுமார்.

"கொப்புளத்த வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம் சுத்துவீயளாக்கும்? இருங்க."

அவள் திரும்பி மேற்கே பார்த்தாள். அவளுடைய அப்பா நந்தகோபால் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. கரிசல் காட்டில் ஓடைதான் ஆட்டுக்கும் ஆளுக்கும் பாதை. இறங்குமுன் மேற்கே பார்க்க வேண்டும். அங்கே கறுத்திருந்தால் ஆட்டைக் கரையிலேயே மடக்க வேண்டும். வானம் வெளுத்திருந்தால் ஓடைக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம். நம் ஊர்த் தண்ணீர் எல்லாம் மேற்கேயிருந்துதானே வரும்?

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "பொட்டு மேகம் இல்ல. எறங்குங்க" என்றாள்.

மணல் மேட்டில் துண்டை விரித்துச் சாப்பிட்டார்கள். சக்திகுமார் கையைக் கழுவிவிட்டு, "நான் அங்கன போயி பஸ் ஏதும் வருமான்னு கேட்டு வாரேன்" என்று எதிர்க்கரை ஏறிப் போனான். கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வியட்நாம்காரி இவர்களைப் பார்த்துக் கத்தினாள். தொப்பியைக் கழற்றி ஆட்டினாள்.

"என்னம்மா சொல்லுதாங்க?"

"இங்கன உக்காரக் கூடாதுங்கா போல. நாம என்ன அவ வீட்டு அடுப்படியிலயா உக்காந்திருக்கோம்?"

"கடலக் காட்டுதாங்கம்மா."

"கடலத்தான் நாலு நாளா பாக்கோமே. புளிச்சோத்தத் தின்னு."

கொஞ்ச நேரத்தில் காவியா, "எம்மா, என் செருப்பு போகுது" என்றாள்.

செருப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. மேற்கே பார்த்து. உமாதேவிக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. ஓடை தலைகீழாக ஓடுகிறது! கடல் பக்கமிருந்து தண்ணீர் சத்தமில்லாமல், வயலுக்கு மடை திறந்துவிட்ட மாதிரி, மேட்டின் இரண்டு பக்கமும் ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போதும் உமாதேவி மேற்கேதான் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை. "எங்கனட்டி மழ பேஞ்சிது?" என்று பிள்ளையிடம் கேட்டாள்.

கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பார்த்த கடல் திருச்செந்தூர்க் கடல்தான். அங்கே குளித்துவிட்டு நேரே கோவிலுக்குப் போய்விடுவார்கள். நின்று பார்த்தது யார்?

பையை மாட்டிக்கொண்டு, காவியாவைத் தோளில் தூக்கிவைத்து எதிர்க்கரைக்கு இறங்கினாள். பாதி தூரத்தில் வலது கால் களிமண்ணில் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்தாள். வரவில்லை. இடுப்புக்குத் தண்ணீர்.

சக்திகுமார் கரைக்கு ஓடி வந்தான். பார்த்ததும் சட்டையோடு இறங்கினான். மூன்று பேரில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

"எறங்காதீங்க!" என்று அலறினாள் உமாதேவி. "எறங்கினா கொன்னே போட்டுருவேன். நீங்களும் போயிட்டா இவள யாரு பாப்பா? கரையில நின்னு கத்துங்க!"

அவன் தொடையளவு தண்ணீரில் அப்படியே நின்று, "யாராச்சும் வாங்க, யாராச்சும் வாங்க" என்று தமிழில் கத்தினான். இவள் பையைக் கழற்றி விட்டாள். குக்கர், துணி, போன் எல்லாம் போயிற்று. நெஞ்சுக்குத் தண்ணீர். காவியா அம்மாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

வட்டமான மூங்கில் பரிசல் ஒன்று சுழன்று சுழன்று வந்தது. துடுப்பு போட்டவள் அந்தச் சிப்பிக்காரிதான். பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடு என்பது எந்தப் பாஷையிலும் புரியும்.

காவியா விடவில்லை. "மாட்டேன்! நீயும் வா!"

"அம்மா பின்னால வாரேன்டி. கைய விடு."

"மாட்டேன்!"

பரிசலைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. சிப்பிக்காரி ஒரு கையால் துடுப்பை அழுத்திக்கொண்டு இன்னொரு கையை நீட்டியபடி என்னவோ கத்தினாள். கெஞ்சிக்கொண்டிருக்க நேரமில்லை. உமாதேவி தலையைத் திருப்பி, மகளின் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள். ரத்தம் வந்தது. பிடி விட்டது. அந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிப் பரிசலுக்குள் போட்டாள்.

பரிசல் கரைக்குப் போய்த் திரும்பும்வரை கழுத்துத் தண்ணீரில் நின்றாள். காவியாவைச் சக்திகுமார் வாங்கிவிட்டானா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாங்கினதும் கண்ணை மூடிக்கொண்டாளாம். சிப்பிக்காரி, கரைக்கு ஓடி வந்திருந்த தன் புருஷனையும் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். ரெண்டு பேரும் கயிற்றை இவள் அக்குளில் கட்டி இழுத்தார்கள். கால் வந்தது. முட்டி உள்ளே திருகிப் பிசகிவிட்டது.

கரையில் போட்டதும் சிப்பிக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வைதாள் பாருங்கள், மூச்சு விடாத வசவு. உமாதேவிக்கு ஒரு சொல் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

அங்கேயே முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. சக்திகுமாருக்கு மில் ஒப்பந்தம் முடியவில்லை. தாயும் பிள்ளையும் மட்டும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

வந்த இடத்தில்தான் கூத்து. மணிக்கட்டில் என்ன தழும்பு என்று யார் கேட்டாலும் காவியா, "எங்கம்மா கடிச்சது" என்கிறாள். அதற்கு மேல் சொல்வதில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். மீதியைத் தெருவே சேர்த்துக்கொண்டது. அடித்து வளர்க்கிறாள், வெளிநாட்டில் புத்தி பேதலித்துவிட்டது, அதான் புருஷன் அனுப்பிவிட்டான்.

மாமியார் சுந்தரம்மாளே ஒரு நாள், "எதுக்குட்டி பச்சப்பிள்ளையக் கடிச்ச? நாலு பேரு கேக்காவள்லா" என்று கேட்டிருக்கிறாள்.

"நாந்தான் ஓடையில எறக்குனேன். அதக் கேளுங்க, பதில் சொல்லுதேன்" என்றாள் உமாதேவி. "கடிச்சதுக்கு மட்டும் என்னைய ஒரு வார்த்த சொல்லாதீங்க."

செய்ததையும் செய்துவிட்டு எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தெருப் பொம்பளைகள் யாரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவளால் படி இறங்க முடியாது. முட்டி மடங்காது.

வீடு கோவில்பட்டி பசுவந்தனை ரோட்டில், மாவு மில்லை ஒட்டின சந்தில், பச்சை கேட். மதியம் போனால் தனியாகத்தான் இருப்பாள். கதை கேட்கவென்று போகாதீர்கள். காய் நறுக்கவோ, மாடியில் வற்றல் அள்ளவோ ஒரு கை கொடுத்தால் போதும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பாமல் பேசினால் இன்னும் நல்லது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.