எல்லாரையும் ஏற்றிக்கொள்ளும் வேன்

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அபுதாபி ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்களை பர் துபாய்க்கு அழைத்துப்போகும் வேன் ஓட்டுநருக்குத் தொப்பை பெரிது, பொறுமை அதைவிடப் பெரிது. கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று அவரவரை இறக்கிவிடுவார். திரும்பும்போது ஒரு ஆள் குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார்.

அன்று வராதவன், காலையில் அவரையே கெட்ட வார்த்தையில் திட்டிய வெல்டர். போனையும் எடுக்கவில்லை.

"விட்டுட்டுப் போலாம்ண்ணே, காலையில டியூட்டி இருக்கு" என்று கத்தினோம்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க சபையில ஒரே பாடம்தான் தம்பி. கடைசியில கடவுள் எல்லாரையும் சேத்துக்குவாரு. நிரந்தர நரகம்னு ஒண்ணு கிடையாது" என்றார் ஓட்டுநர்.

"ஊர்ல அந்தச் சபை இன்னும் இருக்கா?"

"நாலஞ்சு கிழங்கதான் மிச்சம். ஆனா இங்க பாரு, வண்டி நிறைய ஆளு!"

ஒருவழியாக வெல்டர் அசட்டுச் சிரிப்போடு வந்து சேர்ந்தான்.

"அப்ப இவனுக்குத் தண்டனையே கிடையாதாண்ணே?" என்றேன் எரிச்சலாக.

"ஏன் இல்ல? ஏசி எட்டாத பின் சீட்டு. ஆனா, ருவைஸ் வரைக்கும்தான்."

பிறகு நரகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பின் சீட்டுதான் கண்முன் வருகிறது. அதில் வெல்டர் வியர்த்து வழிய, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.